செவ்வாய்க்கு ஒரு வெள்ளோட்டம்

1964 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மெக்கென்சி கணவாயை ஒட்டிக் கிடக்கும் கருகிய எரிமலைப் பாறைகளின் மேல், நிலவுக்கான முன்மாதிரி உடையைப் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்து பார்த்தார். பெயர் வால்டர் கன்னிங்ஹாம். நான்கு ஆண்டுகள் கழித்து அப்போலோ 7 கலத்தில் விண்வெளிக்கே போய்வந்தவர். அன்று அவருக்குக் கால் தடுமாறியது, விழாமலிருக்கக் கையை ஊன்றினார், கண்ணாடிச் சில்லு போன்ற பாறை விளிம்பு கையுறையின் உள்ளங்கையைக் கிழித்தது. உடைக்குள் அடைத்திருந்த காற்று வெளியேறிவிட்டது. ஓரிகனில் அதற்கு மருந்து ஒரு பிளாஸ்திரி. நிலவில் நடந்திருந்தால், கையிருப்பு ஆக்சிஜன் தீர்வதற்குள் கலத்துக்குள் போய்ச் சேர வேண்டிய நிலைமை. அந்தத் துணியைத் தொழிற்சாலையில் இழுத்தும் உரசியும் ஆயிரம் முறை பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த உடைக்குள் இருப்பவருக்குத் தன் கால் எங்கே படுகிறது என்று சரியாகத் தெரியாது, விழும்போது கை தானாக முன்னே போகும், முதலில் தரையில் படுவது உள்ளங்கைதான் என்பதையெல்லாம் தொழிற்சாலை மேசை சொல்லாது. கரடுமுரடான தரையில் ஓர் ஆளை நடக்கவிட்டால்தான் தெரியும்.

இந்த வேலை இன்றுவரை நிற்கவில்லை. நாசா 1997 தொடங்கிப் பல ஆண்டுகள் அரிசோனா பாலைவனத்துக்கு உடைகளையும் வண்டிகளையும் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தது. யூட்டாவின் செம்மண் வெளியில் மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு ஒரு நிலையமே வைத்திருக்கிறது. எல்லோரையும்விட அதிகம் ஊர் சுற்றியது ஆஸ்திரிய விண்வெளி மன்றம் உருவாக்கிய அவுடா.எக்ஸ் என்ற உடைதான். ஸ்பெயினின் ரியோ டின்டோ, ஆல்ப்ஸ் மலையின் டாக்ஸ்டைன் பனிக்குகைகள், மொராக்கோவின் சஹாரா விளிம்பு, ஓமனின் தோஃபார், இஸ்ரேலின் ரமோன் பள்ளம், 2024-இல் ஆர்மீனியா என்று நீள்கிறது பட்டியல். (ஜூல் வெர்னின் நாவலில் எண்பது நாளில் உலகம் சுற்றுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளும் இந்திய இளவரசியின் பெயர் அவுடா, பெயர் வைத்தவர்களுக்கு ரசனை இருக்கிறது.) இந்தப் படங்களைப் பார்க்கிற யாருக்கும் ஒரு சிரிப்பு வரும். வெள்ளை உடை, பெரிய தலைக்கவசம், முதுகில் பெட்டி, பின்னால் சாவகாசமாக ஒரு ஒட்டகம். தலைக்கவசத்தைக் கழற்றினால் தாராளமாக மூச்சு விடலாம். இது என்ன வேஷம் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி தவறான இடத்தில் விழுகிறது என்பது என் கட்சி. இந்த ஒத்திகைகள் உடை செவ்வாயைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக நடப்பவை அல்ல. அந்த உடைக்குள் மாட்டிக்கொண்ட மனிதரால் ஒரு நாளில் எவ்வளவு வேலை முடியும் என்று பார்ப்பதற்காக நடப்பவை. அதைப் பார்க்க வேஷம் போதும். சில சமயம் வேஷம்தான் வேண்டும்.

விண்வெளி உடை என்றதும் கெட்டியான சட்டை என்று நினைக்கிறோம். அது காற்றடைத்த பை. சைக்கிள் டியூபில் காற்றடித்து அதை மடக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் முதல் தொல்லை புரியும்: மடக்கினால் உள்ளே இடம் குறையும், குறைந்த இடத்துக்குள் காற்றை அமுக்கும் வேலை மடக்குகிறவர் தலையில். கையுறையில் இது விரலுக்கு விரல் நடக்கிறது. ஒரு சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நிற்பதே உழைப்பு. கையுறைக்குள் விரல் நகம் பெயர்ந்து போவது விண்வெளி வீரர்களிடையே தெரிந்த காயம். ஆகவே உள்ளே அழுத்தத்தைக் குறைத்தார்கள். அப்போலோ உடையில் சுத்தமான ஆக்சிஜன், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உடையில் அதைவிடச் சற்று அதிகம். அழுத்தம் குறைந்தால் உடை இளகும். ஆனால் முழுக் காற்றழுத்தத்தில் இருக்கும் நிலையத்திலிருந்து சட்டென்று அதற்குள் போனால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்விடும், ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கு வருகிற அதே நோய். அதனால் வெளியே கிளம்புவதற்கு முன் வெகுநேரம் ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் அந்தக் காத்திருப்பு குறையும், விரல்கள் களைக்கும். எங்கே நிறுத்துவது? உயிரியல் பாதி விடை சொல்கிறது. மற்றப் பாதி, அந்தக் கைகளால் என்ன வேலை வாங்கப் போகிறோம் என்பதில் இருக்கிறது.

உடை உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு வேறு இடம் உண்டு. அது வெற்றிடக் கூடம். அங்கே வேஷம் கிடையாது. 1966 டிசம்பரில் ஹூஸ்டனில் ஜிம் லெப்ளாங்க் என்ற நாசா தொழில்நுட்பர் நிலவு உடைச் சோதனைக்காக அந்தக் கூடத்துக்குள் நின்றபோது, உடைக்குக் காற்று கொடுக்கும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடிகளில் நினைவு தப்பியது. கடைசியாக அவருக்கு நினைவிருந்தது, நாக்கில் எச்சில் கொதித்துக் குமிழிட்ட உணர்வு. கூடத்துக்குள் அவசரமாகக் காற்றை நிரப்பினார்கள். பெரிய பாதிப்பின்றி எழுந்துவிட்டார். இப்படிப்பட்ட சோதனைக்குப் பாலைவனம் ஈடாகாது, ஈடென்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் வெற்றிடக் கூடத்தில் நாற்பது மீட்டர் சரிவு கிடையாது, எந்தப் பாறையை உடைப்பது என்ற குழப்பம் கிடையாது, நான்கு மணி நேரம் நடந்து களைத்தவர் எடுக்கிற அசட்டு முடிவும் கிடையாது.

நம் ஊரில் புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுவார்கள். சாமியை ஏற்ற மாட்டார்கள். சாமி இல்லாத தேரை இழுத்து என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை. அச்சு தாங்குகிறதா, வடம் எத்தனை பேரைக் கேட்கிறது, தெருமுனையில் திரும்புகிறதா என்பதெல்லாம் சாமி இல்லாமலே தெரிந்துவிடும். அவுடாவில் ஏற்றாமல் விட்டது காற்றழுத்தம். அதற்குப் பதிலாக உடைக்குள் ஒரு சட்டகத்தை வைத்து, ஒவ்வொரு மூட்டும் மடங்கும்போது அழுத்த உடை தருகிற எதிர்ப்பைச் செயற்கையாகத் தருகிறார்கள். எடை சுமார் 45 கிலோ. போட்டுக்கொள்ளவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். கூட ஆள் இல்லாமல் முடியாது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 100-க்கு 38 பங்கு. அங்கே 118 கிலோ உடை தோளில் இறக்கும் பாரம், இங்கே 45 கிலோ உடை இறக்கும் பாரத்துக்குச் சமம். இன்று நிலையத்தில் பயன்படும் உடை சுமார் 127 கிலோ என்பதை நினைத்தால், அவுடாவின் எடை கணக்குப் பார்த்து வந்து சேர்ந்த பொய் என்று தெரியும்.

இதற்கு உடனே வருகிற ஆட்சேபம் சரியானது. உடையின் பாரம் பொருந்தலாம். உள்ளே இருப்பவரின் உடம்பு பூமியில்தானே நிற்கிறது? அவருடைய 70 கிலோ குறையவில்லை. அதோடு 118 கிலோ உடைக்கு, ஓடத் தொடங்கினால் நிற்க மறுக்கும் ஓர் உந்தம் இருக்கும். 45 கிலோவில் அது அவ்வளவு இருக்காது. நிலவில் அப்போலோ வீரர்கள் துள்ளித் துள்ளி நடந்ததும், அடிக்கடி விழுந்து எழுந்ததும் பெரும்பாலும், எடை குறைந்தும் உந்தம் குறையாத இந்தப் பொருத்தமின்மையால்தான். பாலைவனத்தில் அந்த நடையைக் கற்க வழியே இல்லை. அதற்காக நாசாவிடம் வேறு ஏற்பாடுகள் உள்ளன: உடம்பைக் கயிற்றில் தொங்கவிட்டு எடையைக் கழிக்கும் இயந்திரம், மேலேறி வளைந்து இறங்கும் விமானத்தில் கிடைக்கும் அரை நிமிடம், ஹூஸ்டனில் 62 மீட்டர் நீளமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள, 2 கோடியே 30 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் குளம். அக்ஸியம் நிறுவனம் நிலவுக்காகச் செய்யும் புதிய உடையும் இந்தக் குளத்தில் இறங்கியிருக்கிறது. ஆனால் இவையும் முழு உண்மை சொல்வதில்லை. குளத்தில் உடை மிதக்கும், உள்ளே இருப்பவர் மிதக்க மாட்டார். தலைகீழாகத் திருப்பினால் அவர் எடை முழுவதும் உடையின் தோள் வளையத்தில் இறங்கும். குளப் பயிற்சியில் தோள்பட்டைக் காயங்கள் ஏற்பட்டதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் கையை இழுத்துப் பிடிக்கும், தூசி மட்டும் பறக்காது. பாலைவனத்தின் பொய்யைச் சுட்டுகிறவர்கள் குளத்தின் பொய்யைப் பார்க்காமல் விடுவது, அதற்கு நாசாவின் முத்திரை இருப்பதால்தானோ என்னவோ. எதைக் கொண்டு எதை அளக்கிறோம் என்று குறித்து வைத்துக்கொண்டால் எல்லாமே பயன்படும்.

பாலைவனத்தில் அப்படியே நிஜமாகக் கிடைப்பது ஒன்று உண்டு: நேரம். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ரேடியோ அலை போய்ச்சேரக் குறைந்தது 3 நிமிடம், தள்ளியிருக்கும் காலத்தில் 22 நிமிடம். ஆஸ்திரியர்களின் ஒத்திகைகளில் பாலைவனத்துக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையே வேண்டுமென்றே பத்து நிமிடத் தாமதத்தை வைக்கிறார்கள். களத்தில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர இருபது நிமிடம். இதை ஈர்ப்பைப் போலக் குறைத்துக் காட்டத் தேவையில்லை, கம்ப்யூட்டரில் அச்சு அசலாக உண்டாக்கிவிடலாம். விளைவு உடையின் வடிவமைப்பிலேயே இறங்குகிறது. ஹூஸ்டனில் ஒரு மருத்துவர் உட்கார்ந்து இதயத் துடிப்பைப் பார்த்து, நிற்கச் சொல்லும் ஏற்பாடு செவ்வாயில் செல்லாது. அந்தச் சொல் வந்து சேரும்போது ஆள் விழுந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதனால் உடையே உணர்கருவிகளைச் சுமந்து, அளவுகளைத் தானே பார்த்து, உள்ளே இருப்பவருக்கும் பக்கத்தில் நிற்கிற கூட்டாளிக்கும் சொல்ல வேண்டும். எதைக் கண்முன் காட்டுவது, எதைக் காதில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது? ஒரேயடியாக எல்லாவற்றையும் காட்டினால் மனிதர் எதையுமே பார்க்க மாட்டார். இதற்கு விடை காண உடைக்குள் உண்மையான ஆக்சிஜன் தேவையில்லை, களைத்துப்போன உண்மையான ஆள் தேவை.

நிஜமான உடையிலும் கோளாறு இயந்திரத்தோடு நிற்பதில்லை என்பதற்கு 2013 ஜூலை 16 சாட்சி. இத்தாலிய வீரர் லூக்கா பார்மிட்டானோ நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது தலைக்கவசத்துக்குள் தண்ணீர் சேரத் தொடங்கியது. குளிர்விக்கும் அமைப்பிலிருந்து கசிந்த அது கண்ணை மறைத்து மூக்குவரை ஏறியது. வழி தெரியாமல், பிணைப்புக் கயிற்றின் இழுப்பையும் நினைவையும் நம்பித்தான் கதவுக்குத் திரும்பினார். பூமியிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், விண்வெளியில், ஒரு மனிதர் தண்ணீரில் மூழ்கவிருந்தார். ஆனால் விசாரணையில் வெளிவந்ததில் முக்கியமானது வேறு. அதற்கு முந்தைய வாரமே அதே உடையில் தண்ணீர் தென்பட்டிருந்தது. குடிநீர்ப் பை ஒழுகியிருக்கும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். ஒரு குழு, வேலை அவசரத்தில், வசதியான விளக்கத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது உடையின் பம்பைக் கழற்றிப் பார்ப்பதால் புலப்படாது. நான்கு வாரம் ஒரு கூடாரத்தில் சேர்ந்திருந்து, பழுதான கருவியோடும் தாமதமாக வரும் உத்தரவோடும் மல்லுக்கட்டும் ஒத்திகையில் அது தலைகாட்ட வாய்ப்பு உண்டு. ஆஸ்திரியர்கள் தோஃபாரில் 2018 பிப்ரவரி முழுவதும் தங்கினார்கள். இரண்டு நாள் கூத்தாக முடிக்கவில்லை.

நாசா இப்போது அரிசோனாவில் செய்வதைப் பார்த்தால் வேஷத்தின் பயன் இன்னும் துலங்கும். நிலவின் தென் துருவத்தில் சூரியன் தொடுவானத்தை உரசிக்கொண்டே சுற்றும்; உச்சிக்கு வரவே வராது. ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் நீண்ட நிழல், சூரியனைப் பார்த்து நடந்தால் கண் கூசும், திரும்பினால் இருட்டு. 2022 அக்டோபரில் ட்ரூ ஃபியூஸ்டலும் ஸீனா கார்ட்மனும் அரிசோனா எரிமலை வெளியில் ராத்திரியில், தூரத்தில் தாழ்வாக வைத்த ஒற்றைப் பெருவிளக்கைச் சூரியனாகப் பாவித்து நடந்தார்கள். 2024 மே மாதம் கேட் ரூபின்ஸும் ஆன்ட்ரே டக்ளஸும் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே சான் ஃபிரான்சிஸ்கோ எரிமலை வெளியில் (அந்தப் பெயர் கொண்ட நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) நான்கு நிலவு நடைகளை ஒத்திகை பார்த்தார்கள். போட்டிருந்தது காற்றழுத்தம் இல்லாத மாதிரி உடை. ஹூஸ்டனில் புவியியலாளர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, வந்த படங்களையும் பேச்சையும் வைத்து எந்தக் கல்லை எடுப்பது என்று முடிவு செய்யப் பழகினார்கள். பாதி ஒத்திகை அந்த அறைக்குத்தான். காற்றழுத்த உடையில் இதைச் செய்தால் வீரர் களைத்துவிடுவார், உடைக்காரர்கள் கூட்டமாகச் சுற்றி நிற்பார்கள், ஒரு நாளைக்கு ஒரு நடைதான் முடியும்.

தூசி விஷயத்தில் மட்டும் பாலைவனம் ஏமாற்றும். அப்போலோ 17-இல் யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் மூன்று நாளில் 22 மணி நேரம் வெளியே உழைத்தார்கள். கையுறை வளையங்கள் தூசியால் இறுகின, கலத்துக்குள் வந்த தூசியில் ஷ்மிட்டுக்குச் சளி பிடித்தது போல மூக்கு அடைத்தது. நிலவில் காற்றும் நீரும் உருட்டித் தேய்க்காததால் ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடிபோல முனையோடு இருக்கிறது. சஹாரா மணல் உருண்டு வழவழத்தது. ஆகவே மணல்வெளியில் ஓர் உடையின் மூட்டு நன்றாகச் சுழன்றது என்றால் அதற்கு மதிப்பெண் போடக்கூடாது. இதற்குச் சரியான கல்லைத் தேடிப் பொடிக்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய உறவு. சந்திரயான்-2 வண்டியையும் இறங்குகலத்தையும் சோதிக்க இஸ்ரோ அதைத்தான் பொடித்துப் பரப்பியது. அந்த வெள்ளோட்டத்திலும் நிலவு மண்ணின் மாதிரி மட்டுமே இருந்தது. வெற்றிடத்தை வேறு கூடம் பார்த்துக்கொண்டது.

இவ்வளவு சிரமம் எதற்கு, இயந்திரத்தை அனுப்பினால் போதாதா என்ற கேள்வி இந்த வாதத்தின் வேருக்கே போகிறது. ஆப்பர்சூனிட்டி என்ற ஊர்தி செவ்வாயில் 14 ஆண்டுகளில் கடந்தது சுமார் 45 கிலோமீட்டர். அப்போலோ 17 குழு மூன்று நாளில் வண்டியில் போனது சுமார் 35 கிலோமீட்டர். போகிற வழியில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு நின்று தோண்டவும் செய்தது. மனிதரை அனுப்புவதற்கு அறிவியல் சொல்லக்கூடிய நியாயம் இந்த வேகமும் கண்ணும் கையும்தான். ஆனால் ஊர்திக்கு மூச்சு வேண்டாம், சோறு வேண்டாம், திரும்பி வரவும் வேண்டாம். உடை போட இரண்டு மணி, கழற்ற ஒரு மணி, கையுறைக்குள் பாதி பலம், பதிலுக்கு இருபது நிமிடம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் அந்த நியாயத்தில் எவ்வளவு மிஞ்சும்? அது தெரியாமல் பெருந்தொகை செலவழிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ளும் செலவோ சிறியது. வட டக்கோட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய என்டிஎக்ஸ்-1 என்ற செவ்வாய் உடைக்கு நாசா தந்தது சுமார் 1 லட்சம் டாலர். 2006-இல் அதைத் தங்கள் மாநிலத்தின் பாறைநிலத்தில் காற்றழுத்தத்தோடு நடக்கவிட்டுப் பார்த்தார்கள்.

விமர்சகர்கள் சொல்வதில் ஒப்புக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. ஒத்திகைக்கு வருகிறவர்கள் ஆறு பேர், எட்டு பேர். எல்லோரும் ஆசையோடு வந்தவர்கள். சாவு பயம் இல்லாத இடத்தில் மனம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துவிட்டு, செவ்வாயில் இப்படித்தான் என்று எழுத முடியாது. அதைவிட மோசம் செய்திக்குறிப்புகள்: ‘செவ்வாய்ப் பயணம் வெற்றி’ என்று வருகிற தலைப்புகள் அந்த வாரத்தில் எது உடைந்தது என்பதை மறைத்துவிடுகின்றன, வெள்ளோட்டத்தின் லாபமே உடைந்ததில்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் இஸ்ரோவின் பங்கேற்போடு லடாக்கின் லே நகரில் இந்தியாவின் முதல் ஒத்திகை முகாம் தொடங்கியபோது நம் பத்திரிகைகளும் படங்களோடு கொண்டாடின. ககன்யானுக்காகத் தயாராகும் உடை கலத்துக்குள்ளே உட்கார்ந்து போவதற்கானது, நடப்பதற்கானதல்ல. 2040-இல் நிலவில் இந்தியர் ஒருவர் என்ற இலக்கு இருக்குமானால் நடக்கிற உடை ஒன்று வேண்டும், அது முதலில் லடாக்கின் சரிவு ஒன்றில் இடறி விழவேண்டும், விழுந்த கதை அச்சில் வரவேண்டும்.

பூமியில் ஒத்திகை பார்க்கவே முடியாத பகுதியும் ஒன்று இருக்கிறது. வடிகட்டாத புற ஊதாக் கதிரும் கதிரியக்கமும் உப்புத் தூசியும் கடுங்குளிரும் ஒன்றாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் துணியை என்ன செய்யும் என்பதை எந்தக் கூடமும் முழுக்கச் செய்து காட்டாது. அதற்குச் செவ்வாய்க்கே போக வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியில் ஜெஸெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் முன்பக்கத்தில், ஷெர்லாக் என்ற கருவியின் அளவைச் சரிபார்க்கும் தட்டில், உடைப் பொருள்களின் ஐந்து மாதிரிகள் பதித்து அனுப்பியிருக்கிறார்கள்: கையுறைக்கான வெக்ட்ரான், இரண்டு வகை டெஃப்லான், வெளிப்புறத்துக்கான ஆர்த்தோ துணி, முகக்கண்ணாடிக்கான பாலிகார்பனேட். கருவி தன் லேசரை அவற்றின் மேல் அவ்வப்போது பாய்ச்சி, எவ்வளவு நைந்திருக்கின்றன என்று பார்க்கிறது. கையகல இடத்தில் அடங்கும் அந்தத் துண்டுகள்தான் இதுவரை செவ்வாய்க்குப் போயிருக்கும் விண்வெளி உடை.